ஷேல் கேஸ் நல்லதா, கெட்டதா? கிணற்றுக்குச் சிமெண்ட் போட்டவனின் பதில்

பினாங்கிலிருந்து ஒரு தம்பி மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். ஷேல் என்ற இறுகிய பாறையிலிருந்து எடுக்கும் எரிவாயுவான ஷேல் கேஸால் உண்மையிலேயே நன்மை உண்டா, அல்லது நிலத்தடி நீரைக் கெடுத்துவிடும் என்று சொல்வதுதான் சரியா? மலேசிய அரசின் எண்ணெய்க் கம்பெனியான பெட்ரோனாஸ் கனடாவில் எடுப்பது இதைத்தானா? அவருடைய தாத்தா ஊரான மன்னார்குடிப் பக்கம் மக்கள் போராடித் தடுத்ததும் இதே திட்டம்தானா? அக்கா மகன் பெட்ரோலியம் இன்ஜினியரிங் சேரப் போகிறானாம், அதனால் வீட்டில் தினமும் இந்தப் பேச்சுதானாம்.

நான் கெமாமானிலிருந்து கடல் மேடைகளுக்குப் போய் எரிவாயுக் கிணறுகளுக்குச் சிமெண்ட் போடும் வேலையில் வெகுகாலம் இருந்தவன், இப்போது கோலாலம்பூரில் இருக்கிறேன். ஷேல் கிணற்றில் நான் வேலை பார்த்ததில்லை. ஆனால் குழாயும் சிமெண்டும் அழுத்தமும் எந்தக் கிணற்றிலும் ஒன்றுதான், கோளாறு வருவதும் பெரும்பாலும் அங்கேதான். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் இந்த வாயுவை எப்படி எடுக்கிறார்கள் என்று பார்ப்போம். திரெங்கானு கடலில் நாம் எடுக்கும் எரிவாயு மணற்கல்லில் தங்கியிருக்கிறது, சரவாக் கடலில் பெரும்பகுதி சுண்ணாம்புப் பாறையில். அந்தப் பாறைகளில் நுண்துளைகள் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை, சரியான இடத்தில் துளைத்தால் வாயு தன் அழுத்தத்திலேயே ஏறி வந்துவிடும். ஷேல் அப்படியில்லை. களிமண் படிந்து படிந்து, கோடிக்கணக்கான ஆண்டுகள் இறுகிக் கெட்டியான பாறை அது. வாயு அதற்குள்ளேயே உருவாகி அதற்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது. அதனால் ஒன்றரை முதல் மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை நேராகத் துளைத்து, அங்கே மெல்லத் திருப்பி, பாறை அடுக்குக்குள் படுக்கைவாட்டில் இன்னும் இரண்டு மூன்று கிலோமீட்டர் போகிறார்கள். பிறகு குழாயில் பகுதி பகுதியாகத் துளைகள் போட்டு, தண்ணீரையும் மணலையும் சிறிதளவு ரசாயனத்தையும் கலந்து பெரும் அழுத்தத்தில் உள்ளே தள்ளினால் பாறை விரிசல் விடும். அழுத்தம் குறைந்ததும் அந்த விரிசல் மூடிக்கொள்ளப் பார்க்கும், கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க அடியில் கட்டை செருகுவது போல அந்த மணல்தான் அதைத் திறந்து வைத்திருக்கிறது. இதற்குப் பெயர்தான் ஃபிராக்கிங்.

பாறையை உடைக்கும் இந்த முறை புதிதல்ல, 1947இலேயே அமெரிக்காவின் கான்சாஸில் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். டெக்சாஸில் பார்னெட் ஷேல் என்ற அடுக்கில் ஜார்ஜ் மிட்செல் என்பவர் ஆண்டுக்கணக்கில் பணத்தைக் கொட்டி, 1990களின் கடைசியில், கெட்டியான ஜெல்லுக்குப் பதிலாகத் தண்ணீரையே பெரும்பாலும் பயன்படுத்தும் மலிவான முறைக்கு வந்து சேர்ந்தார். பிறகு படுக்கைவாட்டுத் துளையிடலும் அதோடு சேர்ந்துகொண்டது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு நடந்ததுதான்.

நன்மை உண்டா என்றால், உண்டு. சுற்றுச்சூழல் பற்றிப் பேசுகிறவர்கள் இதைச் சொல்லத் தயங்கவே கூடாது. 2005 வாக்கில் அமெரிக்காவின் மின்சாரத்தில் ஏறத்தாழ பாதி நிலக்கரியில் இருந்து வந்தது, 2023இல் அது ஆறில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிட்டது. காற்றாலையும் சூரிய ஒளியும் அதில் பங்கெடுத்துக்கொண்டன என்றாலும், நிலக்கரியை முதலில் தள்ளிவிட்டது மலிவான ஷேல் கேஸ்தான். மின்நிலையத்தில் எரிக்கும்போது, அதே மின்சாரத்துக்கு எரிவாயு வெளியிடும் கரியமில வாயு நிலக்கரியில் பாதிதான். சாம்பல் இல்லை, பாதரசமும் கந்தகமும் அநேகமாக இல்லை. நிலக்கரி எரிக்கும் காப்பார் மின்நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களிடம் போய் நிலக்கரியும் எரிவாயுவும் ஒன்றுதான் என்று சொல்லிப் பாருங்கள், ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பொருளாதாரமும் அப்படித்தான். 2008இல் ஒரு மில்லியன் பிடியு (வெப்ப அளவு) 8 டாலருக்கு மேல் விற்ற அமெரிக்க எரிவாயு 2012இல் 3 டாலருக்கும் கீழே போனது. இறக்குமதி முனையங்கள் கட்டிக்கொண்டிருந்த நாடு ஏற்றுமதி செய்ய ஆரம்பித்து, 2023இல் உலகிலேயே அதிக எல்என்ஜி (குளிரவைத்துத் திரவமாக்கிய எரிவாயு) ஏற்றுமதி செய்யும் நாடாகிவிட்டது. 2022இல் ரஷ்யா குழாயை மூடியபோது ஐரோப்பாவின் குளிர்காலத்துக்குக் கைகொடுத்ததில் பெரும்பங்கு இந்த வாயுவுக்கு உண்டு. ஆனால் இதே வெற்றி எல்லா இடத்திலும் கிடைக்கும் என்று நம்பிவிட வேண்டாம். போலந்தில் 2011இல் அமெரிக்க எரிசக்தித் தகவல் துறை 5 டிரில்லியன் கனமீட்டருக்கு மேல் இருக்கும் என்று கணித்தது, அடுத்த ஆண்டே போலந்துப் புவியியல் நிறுவனம் அதைப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்தது, துளைத்துப் பார்த்த பெரிய கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பிவிட்டன.

சரி, தண்ணீருக்கு வருவோம். எல்லோரும் கேட்பது இதைத்தான்.

இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் விரியும் பாறையிலிருந்து ரசாயனம் மேலே ஏறி வந்து குடிநீரில் கலந்துவிடும் என்றுதான் பலர் பயப்படுகிறார்கள். நடுவில் அவ்வளவு கனமான பாறை அடுக்குகள் இருக்கும்போது அது நடப்பது மிகக் கடினம். உண்மையான பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. கிணறு மேலேயிருந்து கீழே போகும்போது குடிநீர் அடுக்கைக் கடந்துதானே போக வேண்டும்? அங்கே குழாய்க்குள் குழாயாக இறக்கி, குழாய்க்கும் பாறைக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் சிமெண்ட் நிரப்புகிறோம். அந்தச் சிமெண்டில் ஒரு மெல்லிய வழி கிடைத்தால் போதும், மீத்தேன் அதைப் பிடித்துக்கொண்டு மேலே வந்துவிடும்.

சிமெண்ட் போடும் நாளில் நடப்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். துளையிடும்போது பயன்படுத்திய சேறு உள்ளே சுவரில் ஒட்டியிருக்கும், அதை முதலில் கழுவி வெளியேற்ற வேண்டும். குழாய் துளையின் நட்டநடுவில் நிற்க வேண்டும், ஒருபக்கம் சாய்ந்துவிட்டால் குறுகலான பக்கத்தில் சேறு அப்படியே தங்கிவிடும், சிமெண்ட் அங்கே போகாது. கலவை போய்க்கொண்டிருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகக் காகிதக் கோப்பைகளில் பிடித்து வரிசையாக வைத்துவிட்டு, மணிக்கணக்கில் காத்திருந்து, இறுகிவிட்டதா என்று விரலால் அழுத்திப் பார்ப்போம். ஆனால் மேலே கோப்பையில் இறுகுவதும் கீழே சூட்டிலும் அழுத்தத்திலும் இறுகுவதும் வேறு வேறு. அதனால் ஒலிக்கருவியை உள்ளே இறக்கி, சிமெண்ட் குழாயோடு பிடித்திருக்கிறதா என்று அளந்து பார்ப்பார்கள். துளையிடும் இயந்திரமான ரிக்கின் வாடகை நாளுக்கு எவ்வளவு என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும், அந்தக் காத்திருப்பையும் அந்தச் சோதனையையும் சுருக்கச் சொல்லி மேலேயிருந்து வரும் நெருக்கடி எப்படி இருக்கும் என்று. ஆயிரக்கணக்கான கிணறுகளை அவசர அவசரமாகத் துளைத்துத் தள்ளும் இடத்தில் அந்த நெருக்கடி பல மடங்கு.

பென்சில்வேனியா மாநிலத்தின் டிமாக் என்ற சிற்றூரில் நடந்தது அதுதான். 2009 புத்தாண்டு நாளில் ஒரு வீட்டின் தண்ணீர்க் கிணறு வெடித்தது, பல வீடுகளின் குடிநீரில் மீத்தேன் கலந்திருந்தது. அங்கே துளைத்த கம்பெனியின் வாரிசு நிறுவனம் 2022இல்தான் நீதிமன்றத்தில் குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடாமல் ஏற்று, ஊருக்குப் பொதுக் குடிநீர்க் குழாய் போட 16 மில்லியன் டாலருக்கு மேல் கொடுக்க ஒப்புக்கொண்டது. நடுவில் எத்தனை ஆண்டுகள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவு காலமும் அந்த மக்கள் வெளியிலிருந்து வந்த தண்ணீரை நம்பித்தான் வாழ்ந்தார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2016இல் வெளியிட்ட பெரிய ஆய்வும் இதை ஒட்டியே பேசுகிறது: தரம் குறைந்த கிணறு, மேலே கொட்டிய ரசாயனம், கரை சரியில்லாத கழிவுக் குட்டை, வறட்சிக் காலத்தில் அளவுக்கு மீறி உறிஞ்சிய ஆற்று நீர், இவற்றால் குடிநீர் பாதிக்கப்படலாம் என்கிறது. அதற்கும் முன்னால், 2005இல், ஃபிராக்கிங்கிற்குப் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டத்திலிருந்தே அமெரிக்காவில் விலக்குக் கொடுத்துவிட்டார்கள், டீசல் கலந்தால் மட்டும்தான் அந்தச் சட்டம் பொருந்தும். குடிநீர் அடுக்கைத் துளைத்துக்கொண்டு போகும் ஒரு தொழிலுக்குக் குடிநீர்ச் சட்டம் பொருந்தாது என்பதை என்னால் எந்த வகையிலும் ஏற்க முடியவில்லை.

உள்ளே போகும் தண்ணீரின் அளவும் சாதாரணமல்ல. ஒரு கிணற்றுக்கு 20 மில்லியன் லிட்டர் ஆவது சகஜம், நீளமான கிணறுகளுக்கு அதற்கும் மேல். மலேசியாவில் ஓர் ஆள் ஒரு நாளைக்கு 200 லிட்டருக்கு மேல் செலவழிக்கிறோம், அந்தக் கணக்கில் ஒரே கிணற்றின் தண்ணீர் ஏறக்குறைய ஒரு லட்சம் பேருக்கு ஒரு நாள் பாடு. திரும்பி வருவதோ வேறு ஒரு தண்ணீர். ஆழத்துப் பாறையில் கிடந்த உப்பு, புரோமைடு, சில இடங்களில் ரேடியம், எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வருகிறது. பென்சில்வேனியா பக்கத்து மார்செல்லஸ் ஷேலில் அது கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பு. ஆரம்பத்தில் பென்சில்வேனியாவில் அதை நகராட்சிச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அனுப்பினார்கள், அந்த நிலையங்கள் உப்பை நீக்கக் கட்டப்பட்டவையே அல்ல, அப்படியே ஆற்றில் போய்ச் சேர்ந்தது. 2011இல்தான் அரசு நிறுத்தச் சொன்னது. 2020 செப்டம்பரில் சிலாங்கூரின் சுங்கை கோங் ஆற்றில் கலந்த கழிவால் நான்கு நீர் சுத்திகரிப்பு நிலையங்களை மூடி, கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குத் தண்ணீர் வராமல் போனது நமக்கு நினைவிருக்கும். லாரி வரும் வரை வாளியோடு வரிசையில் நின்றவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்.

இப்போதெல்லாம் அந்த உப்புத் தண்ணீரில் ஒரு பகுதியை அடுத்த கிணற்றுக்கே திரும்பப் பயன்படுத்துகிறார்கள், அது நல்ல மாற்றம். மீதியைத் தனியாகத் துளைத்த ஆழ்கிணறுகளில் செலுத்திவிடுகிறார்கள், நில அதிர்வுப் பிரச்சினை பெரிதானது அங்கேதான். ஓக்லஹோமாவில் முன்பு ரிக்டர் 3க்கு மேலான அதிர்வு ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ. 2015இல் ஏறத்தாழ 900. அடுத்த ஆண்டு செப்டம்பரில் பானி என்ற ஊரில் 5.8. இவற்றில் பெரும்பாலானவை பாறையை உடைத்ததால் வந்தவை அல்ல, கழிவு நீரை ஆழத்தில் ஏற்றிக்கொண்டே போனதால் பழைய பிளவுகள் வழுக்கியதால் வந்தவை. செலுத்தும் அளவைக் குறைத்ததும் அதிர்வுகளும் குறைந்தன. இங்கிலாந்தில் நேரடியாக ஃபிராக்கிங்கே காரணம்: 2019 ஆகஸ்டில் பிளாக்பூல் பக்கம் 2.9 அளவில் ஓர் அதிர்வு, அதே ஆண்டு நவம்பரில் அரசு அந்தத் தொழிலையே நிறுத்திவைத்தது. பிரான்ஸ் 2011லேயே தடை செய்துவிட்டது.

மீத்தேன்தான் எனக்கு அதிகக் கவலை தருவது. நிலக்கரியைவிடப் பாதிதான் என்று மேலே சொன்ன கணக்கு, எரிந்த வாயுவுக்கு மட்டும். எரியாமல் கசிந்த மீத்தேன் 20 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். வால்வு, கம்ப்ரசர், தொட்டி மூடி, சரியாக எரியாத சுடர் என்று கசிய எத்தனையோ இடம். கார்னெல் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஹோவர்த் 2011இல் இதைப் பெரிய விவாதமாக்கினார். 2018இல் வந்த ஒரு விரிவான ஆய்வு அமெரிக்க எரிவாயு உற்பத்தியில் 2.3 விழுக்காடு கசிகிறது என்று கண்டது, அரசுக் கணக்கைவிட அது 60 விழுக்காடு அதிகம். ஏறக்குறைய 3 விழுக்காட்டைத் தாண்டினால், முதல் சில பத்தாண்டுகளுக்கு நிலக்கரியைவிட எரிவாயு மேல் என்று சொல்ல முடியாது. அதாவது ஷேல் கேஸின் மிகப் பெரிய நன்மையே இந்த ஒற்றை எண்ணின் மேல் நிற்கிறது, அந்த எண்ணைக் கம்பெனிகள் நீண்ட நாள் அளக்கவே இல்லை, அட்டவணையைப் பார்த்து மதிப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கசிவைப் பிடிப்பதோ ராக்கெட் விஞ்ஞானம் அல்ல. அகச்சிவப்புக் கேமராவோடு ஓர் ஆள் நடந்தால் தெரியும், பிடித்த வாயுவை விற்கவும் செய்யலாம்.

இன்னும் இரண்டு விஷயம், சுருக்கமாக. ஷேல் கிணற்றின் உற்பத்தி முதல் ஆண்டிலேயே பாதிக்கு மேல் விழுந்துவிடும், அதனால் நிறுத்தாமல் புதிது புதிதாகத் துளைத்துக்கொண்டே இருக்க வேண்டும், கிராமச் சாலைகளில் லாரி ஓயாது. அப்புறம் அந்த மணல். வேலையிடத்தில் பறக்கும் சிலிக்கா தூசு நுரையீரலைக் கெடுக்கும் என்று அமெரிக்கத் தொழில்பாதுகாப்புத் துறை 2012இல் எச்சரிக்கை விட்டது. குடிநீரைப் பற்றிப் பேசும் அளவுக்கு அந்தத் தொழிலாளிகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பெட்ரோனாஸ் கேள்வி. ஆமாம், இதே வகைதான். 2012இல் 5 பில்லியன் கனடா டாலருக்கு மேல் கொடுத்து புரோகிரஸ் எனர்ஜி என்ற கம்பெனியை வாங்கி, பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடகிழக்கில் மாண்ட்னி என்ற அடுக்கில் எடுக்கிறார்கள். இறுகிய வண்டல்கல்லும் ஷேலும் கலந்த அடுக்கு அது, ஃபிராக்கிங் இல்லாமல் வராது. அதே மாநிலக் கடற்கரையில் லெலு தீவில் பெட்ரோனாஸ் எல்என்ஜி ஆலை கட்டும் திட்டம் 2017 ஜூலையில் கைவிடப்பட்டது. அந்த இடம் ஸ்கீனா ஆற்றின் முகத்துவாரத்தில், குஞ்சு சால்மன் மீன்கள் வளரும் பகுதிக்குப் பக்கத்தில். லாக்ஸ் குவலாம்ஸ் பழங்குடியினர் 2015இல் சம்மதத்துக்காகக் கொடுக்க முன்வந்த ஒரு பில்லியன் டாலருக்கு மேலான தொகையை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பிறகு கிட்டிமாட்டில் எல்என்ஜி கனடா திட்டத்தில் பெட்ரோனாஸ் 25 விழுக்காட்டுப் பங்கெடுத்தது, 2025 ஜூன் இறுதியில் முதல் கப்பல் கிளம்பியது.

அங்கேயும் பிரச்சினை இருந்தது. 2015 ஆகஸ்டில் ஃபோர்ட் செயின்ட் ஜான் வடமேற்கே 4.6 அளவில் வந்த அதிர்வுக்கு, அப்போது பெட்ரோனாஸ் கையில் இருந்த புரோகிரஸின் ஃபிராக்கிங் வேலைதான் காரணம் என்று அந்த மாநில ஒழுங்குமுறை ஆணையமே உறுதி செய்தது. 2021 ஜூனில் புளூபெரி ரிவர் பழங்குடியினர் தொடுத்த வழக்கில் வந்த தீர்ப்பு இன்னும் முக்கியம். சாலை, மரவெட்டு, கிணறு, குழாய் என்று ஒவ்வொன்றாக அனுமதித்து அனுமதித்து, வேட்டையாடி மீன்பிடித்து வாழும் அவர்களுடைய ஒப்பந்த உரிமையையே அரசு பறித்துவிட்டது என்றது நீதிமன்றம். எந்த ஒரு கிணறும் தனியாகக் குற்றவாளி இல்லை, எல்லாம் சேர்ந்ததுதான் கேடு. அந்த வாயு விற்ற பணத்தில் ஒரு பங்கு நம் நாட்டுக்கு ஈவுத்தொகையாக வருகிறது, பள்ளிக்கூடமும் சாலையும் ஆகிறது. அதனால் அங்கே நடப்பதைக் கேட்கும் பொறுப்பும் நமக்கு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மன்னார்குடிக்கு வருவோம். அங்கே 2010இல் ஒப்பந்தமானது ஷேல் கேஸ் அல்ல, நிலக்கரிப் படுகை மீத்தேன். ஷேலில் தண்ணீரை உள்ளே தள்ளுவார்கள், நிலக்கரிப் படுகையிலோ வாயு பிரிந்து வரவேண்டுமானால் உள்ளே இருக்கும் நீரை இறைத்து வெளியேற்ற வேண்டும். காவிரி வருமா வராதா என்று ஒவ்வோர் ஆண்டும் ஏங்கிக்கொண்டு, ஆழ்குழாய் நீரை நம்பி நாற்று நடும் ஊரில், கடல் உப்பு ஏற்கெனவே நாகப்பட்டினம் பக்கம் நிலத்தடியில் ஏறிக்கொண்டிருக்கும் ஊரில், நீரை இறைத்துக் கொட்டினால் என்ன ஆகும்? இயற்கை வேளாண்மைக்காக உழைத்த நம்மாழ்வார் ஐயா கடைசி மூச்சு வரை ஊர் ஊராகப் போய்க் கேட்டது இதைத்தான், 2013 டிசம்பரில் அந்தப் பிரச்சாரத்தின் நடுவில்தான் அவர் காலமானார். 2017இல் நெடுவாசலில் மக்கள் போராடியது வேறு ஒரு எரிவாயுத் திட்டத்தை எதிர்த்து. ஆனால் அதற்கு முந்தின ஆண்டு இந்திய அரசு கொண்டுவந்த புதிய கொள்கைப்படி ஒரே உரிமத்தில் சாதா எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் எல்லாம் எடுக்கலாம் என்று ஆகிவிட்டது. காவிரிப் படுகையில் ஷேல் இருக்கலாம் என்று அமெரிக்க மதிப்பீட்டிலேயே பெயர் வந்திருந்தது. அதனால் இன்றைக்கு ஒன்று சொல்லி நாளைக்கு ஒன்று எடுப்பார்கள் என்று மக்கள் பயந்ததில் நியாயம் இருந்தது. 2020இல் தமிழ்நாடு அரசு டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டமாக்கியது, ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கிணறுகளை அது தொடவில்லை.

என் கருத்தைக் கேட்டால், டெல்டாவில் ஷேல் கூடவே கூடாது. டெக்சாஸில் கிணற்றுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் வெற்றுநிலம் திருவாரூரில் கிடையாது. பழுதானால் மாற்றுக் குடிநீர் கொடுக்கும் வசதி இல்லை, டிமாக் மக்கள் காத்திருந்தது போல ஒரு விவசாயியால் காத்திருக்கவும் முடியாது. ஆளே இல்லாத இடத்தில், சிமெண்ட் சோதனைக்கு வெளியாள் கையெழுத்துப் போட்டு, கசிவை அளந்து வெளியிட்டு, கழிவு நீருக்கு முன்கூட்டியே வழி செய்து, நிலக்கரி மின்நிலையத்தை நிஜமாகவே மூடுவதற்காக எடுத்தால் நான் எதிர்க்க மாட்டேன். இவற்றில் ஒன்று குறைந்தாலும் எதிர்ப்பேன்.

அக்கா மகன் தாராளமாகப் படிக்கட்டும். படுக்கைவாட்டில் துளைக்கும் திறமையை இப்போது பூமிச் சூட்டில் மின்சாரம் எடுக்கவும் பயன்படுத்துகிறார்கள், அந்தப் படிப்பு வீண்போகாது. 1859இல் அமெரிக்காவின் முதல் வணிக எண்ணெய்க் கிணறு துளைத்த பென்சில்வேனியாவில் மூடாமல் விட்ட பழைய கிணறுகள் இன்னும் கசிந்துகொண்டிருக்கின்றன. அமெரிக்கா முழுவதும் இப்படி உரிமையாளர் இல்லாமல் கிடக்கும் கிணறுகளை அடைக்க மட்டும் 2021இல் 4.7 பில்லியன் டாலர் ஒதுக்கியிருக்கிறார்கள். ஷேல் கிணறுகளுக்கும் அந்தக் காலம் வரும், அடைப்பதற்கு ஆள் வேண்டும். கேசிங் (கிணற்றுக்குள் இறக்கும் குழாய்), சிமெண்ட் பாடங்களை மட்டும் அவன் அலட்சியமாக விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏதாவது புரியவில்லை என்றால் என்னிடம் கேட்கச் சொல்லுங்கள்.